ஒரே ஜுரம், ஒரே பெயர்... உள்ளே எத்தனை நோய் தெரியுமா?

ஒரு குழந்தையின் உடம்பில் இரத்த ஓட்டம் சீராக இருக்கிறதா என்று பார்க்க, உலகத்திலேயே மலிவான கருவி எது தெரியுமா? கட்டைவிரல்!

குழந்தைகள் வார்டில் டாக்டர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் விரல் நுனியிலோ நெஞ்சின் நடுவிலோ சில நொடிகள் அழுத்திப் பிடிப்பார்கள். அந்த இடம் வெளுத்துப்போகும். விரலை எடுத்ததும் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுவார்கள். இரண்டு எண்ணுவதற்குள் இளஞ்சிவப்பு திரும்பிவிட்டால் நிம்மதி. மூன்று, நான்கு, ஐந்து என்று இழுத்துக்கொண்டே போனால் அந்த நிமிடமே வார்டின் வேகம் மாறிவிடும். ஒருவர் நரம்பு தேடுவார், ஒருவர் சலைன் பாட்டிலைத் தூக்குவார், இன்னொருவர் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். காரணம், செப்டிக் ஷாக் என்ற பயங்கரம் வாசலில் நிற்கிறதோ என்ற சந்தேகம்!

கிருமி உள்ளே நுழைகிறது. உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புகிறது. அந்தச் சண்டை கட்டுக்கடங்காமல் போய், சொந்த உறுப்புகளே சேதமாவதுதான் செப்சிஸ். அதில் இதயமும் இரத்தக் குழாய்களும் தடுமாறி, உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேராத நிலைதான் செப்டிக் ஷாக். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க செப்சிஸ் வந்தவர்கள் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேர் என்று லான்செட் இதழில் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் 2 கோடிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள். அந்த வயதில் இறந்தவர்கள் மட்டும் சுமார் 29 லட்சம். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது!

இன்னொன்று தெரியுமா? பெரியவர்களுக்கு ஷாக் வந்தால் பிளட் பிரஷர் சீக்கிரமே சரிந்துவிடும். குழந்தைகளுக்கு அப்படி இல்லை. குட்டி இதயம் படபடவென்று அடித்து, கை கால்களின் குழாய்களை இறுக்கிப் பிடித்து, பிரஷரைக் கடைசிவரை தாங்கி நிறுத்தும். பிரஷர் விழும் நேரத்தில் குழந்தை விளிம்புக்கே போயிருக்கும். அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் பிரஷர் மீட்டரை விடக் கட்டைவிரலை நம்புகிறார்கள்.

சரி, இனிதான் அசல் ஆச்சரியமே.

ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் செப்டிக் ஷாக். ஒன்றின் கால் ஐஸ் மாதிரி சில்லிட்டிருக்கிறது. இன்னொன்றின் கால் கதகதவென்று சிவந்திருக்கிறது. இரண்டும் ஒரே நோயா? லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர்கள் பிரையர்லியும் பீட்டர்ஸும் 2008இல் அளந்து பார்த்துச் சொன்னார்கள்: வீட்டிலிருந்தே தொற்றோடு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதயம் தளர்ந்த 'குளிர் ஷாக்'. மருத்துவமனையில் பெரிய நரம்பில் போட்ட குழாய் வழியாகத் தொற்று வந்த குழந்தைகளுக்கோ, ஏறக்குறைய எல்லோருக்குமே, இரத்தக் குழாய்கள் தளர்ந்த 'சூட்டு ஷாக்'. முதலாவதுக்கு இதயத்தைத் தூண்டும் மருந்து வேண்டும். இரண்டாவதுக்கு இரத்தக் குழாயை இறுக்கும் மருந்து வேண்டும்.

அப்படியானால் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடலாமே என்று தோன்றுகிறதா? அங்கேதான் நம் சென்னை வருகிறது. டாக்டர் சுசித்ரா ரஞ்சித்தும் அவர் குழுவினரும் 48 குழந்தைகளுக்கு, கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், தமனிக்குள் குழாய் வைத்துப் பிரஷர் அளந்து, எக்கோவும் எடுத்துப் பார்த்தார்கள். 2014இல் அது வெளியானது. வெளியே சில்லென்று இருந்த பல குழந்தைகளுக்கு உள்ளே இரத்தக் குழாய்கள் விரிந்து தளர்ந்து கிடந்தன! தோல் ஒன்று சொல்கிறது, தமனி இன்னொன்று சொல்கிறது.

தோலும் போதாது, தமனியும் போதாது என்றால் இன்னும் உள்ளே போகலாமா? மரபணு வரைக்கும்?

போனார் ஒருவர். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை மருத்துவராக இருந்த ஹெக்டர் வாங். ஐ.சி.யூ.வில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகளிடம் கொஞ்சம் இரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களில் எந்தெந்த மரபணு முழு மூச்சில் வேலை செய்கிறது, எது படுத்துவிட்டது என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்தார். 2009இல் 98 குழந்தைகளின் கணக்கை கம்ப்யூட்டரிடம் கொடுத்து, "யார் யார் ஒரே ஜாடை, நீயே பிரி" என்று விட்டார்கள். எந்தக் குழந்தை பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று அதனிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் மூன்று கூட்டமாகப் பிரித்தது. பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டினால்... முதல் கூட்டத்தில்தான் அதிக மரணம், அதிக உறுப்புச் செயலிழப்பு! நோயின் தீவிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே மரபணுக்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

அந்த முதல் கூட்டத்துக் குழந்தைகளிடம் அடங்கிப்போயிருந்தவை எவை தெரியுமா? கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துப் போராடும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள். கூடவே, ஸ்டீராய்டு உடம்பில் வேலை செய்ய வேண்டிய பாதையின் மரபணுக்கள். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஆயிரக்கணக்கான எண்களை வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்கும் டாக்டர் என்ன செய்வார்? அதற்கும் வழி கண்டார்கள். முக்கியமான 100 மரபணுக்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வண்ணச் சதுரம் வரைந்தார்கள். நன்றாக வேலை செய்யும் மரபணுக்கள் இருக்கும் கட்டம் சிவப்பு, அடங்கிய கட்டம் நீலம். தரையில் பதித்த மொசைக் போல ஒரு சின்னப் படம்! அந்தப் படங்களை, மரபணுக் கணிதமே படிக்காத டாக்டர்களிடம் கொடுத்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் சரியாகவே பிரித்துவிட்டார்கள். பார்த்தவுடன் "இது இந்த வகை" என்று சொல்லும் அளவுக்கு அந்த வண்ணங்கள் வேறுபட்டிருந்தன. ஒரு குழந்தையின் இரத்தத்துக்குள் நடக்கும் போராட்டம் முழுக்க ஒரு உள்ளங்கை அளவு படத்தில்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பின்னால் அந்தக் கூட்டங்களை 'ஏ', 'பி' என்று இரண்டாகச் சுருக்கினார்கள். ஸ்டீராய்டுப் பாதை அடங்கிப்போயிருந்த அந்த முதல் கூட்டம்தான் 'ஏ'. இப்போது ஸ்டீராய்டுக்கு வருவோம்.

செப்டிக் ஷாக்கில் மற்ற மருந்துக்குக் கேட்காத குழந்தைக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. கொடுக்கலாமா கூடாதா என்று டாக்டர்களிடையே அதே அளவு காலமாக வாக்குவாதமும் உண்டு. 2015இல் வாங் குழுவினர் பழைய கேஸ்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 'ஏ' வகைக் குழந்தைகளில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு இறக்கும் ஆபத்து சுமார் நான்கு மடங்கு கூடுதலாகத் தெரிந்தது! அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கு. 'பி' வகையாகவும் இருந்து, ஆபத்தும் நடுத்தரமாகவோ அதற்கு மேலோ இருந்த குழந்தைகளில், ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு நோய் சிக்கலாகும் ஆபத்து பத்து மடங்குக்கு மேல் குறைந்திருந்தது! ஒரே மருந்து. ஒரு கட்டிலில் எமன், அடுத்த கட்டிலில் காவல் தெய்வம். இரண்டு வகையையும் கலந்து சராசரி எடுத்தால் "பலனும் இல்லை, கெடுதலும் இல்லை" என்றுதானே வரும்? அத்தனை வருட வாக்குவாதத்துக்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இவை பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்த கணக்குகள். மருந்தைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்காகவே 2019இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து, ஹைட்ரோகார்டிசோனையும் வெறும் போலி மருந்தையும் ஒப்பிடும் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின. 'ஷிப்ஸ்' என்று அதற்குப் பெயர்.

அதைவிட ஆச்சரியம், இந்த 'ஏ', 'பி' வகை நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி நிலையானதும் இல்லை! முதல் நாள் 'ஏ'யாக இருந்த குழந்தை மூன்றாம் நாள் 'பி'யாக மாறியிருக்கலாம். மாறாமல் 'ஏ'யிலேயே நின்றுவிட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

சரி, மருந்து யாருக்குப் பொருந்தும் என்பது ஒரு கேள்வி. யாருக்கு உயிராபத்து என்பது வேறு கேள்வி. அதற்கு வாங் தேர்ந்தெடுத்தது மரபணு இல்லை, ஐந்தே ஐந்து புரதங்கள். 2012இல் வெளியான அந்த முறைக்கு 'பெர்சிவியர்' என்று பெயர். ஆங்கிலத்தில் விடாமுயற்சி என்று அர்த்தம். எவ்வளவு பொருத்தம்!

அந்த ஐந்து பேரையும் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். சி.சி.எல்.3 என்பது வெள்ளையணுக்களை "இங்கே வா" என்று அழைக்கும் தூது. இன்டர்லூகின்-8 அதன் பங்காளி. வெப்ப அதிர்ச்சிப் புரதம், உயிரணு நொந்துபோகும்போது மற்ற புரதங்கள் சுருண்டு கெட்டுவிடாமல் தாங்கிப் பிடிப்பது. கிரான்சைம்-பி, நோய்பட்ட உயிரணுவைக் கொல்ல நம் வீரர்கள் கையில் வைத்திருக்கும் ஆயுதம். எம்.எம்.பி.-8, திசுக்களை அறுக்கும் கத்தரி. இந்தக் கத்தரியே பிறவியில் இல்லாத எலிகளுக்கு செப்சிஸ் வந்தபோது அவை அதிகமாகப் பிழைத்தன என்பது தனி அதிசயம்!

ஐந்தின் அளவையும் எடுத்து, கிளை கிளையாகப் பிரியும் மரம்போல ஒரு கேள்வி வரிசை போட்டார்கள். உச்சியில் முதல் கேள்வி: சி.சி.எல்.3 அதிகமா, குறைவா? பதிலுக்கேற்ப இடமோ வலமோ திரும்பி, கடைசியில் ஒரு இலையில் போய் நிற்க வேண்டும். அந்த இலையில் ஆபத்தின் அளவு எழுதியிருக்கும். "இந்தக் குழந்தைக்கு ஆபத்து குறைவு" என்று மரம் சொன்ன நூறு பேரில் 99 பேர் 28 நாளைத் தாண்டிப் பிழைத்திருந்தார்கள்! "ஆபத்து அதிகம்" என்று சொன்னவர்களிலும் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். இதைக் குறையாக நினைக்காதீர்கள். டாக்டர்கள் விடாமல் போராடியதால் பிழைத்தவர்களும் அதில் உண்டு. அதிக ஆபத்து என்று மரம் சொன்னால் யாரும் கையை விரிக்கக் கூடாது, இரண்டு மடங்கு பாடுபட வேண்டும். பெற்றோரிடம் எவராவது இந்த எண்ணைக் காட்டிப் பேசும் நாள் வந்தால், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குழந்தைகள் குட்டிப் பெரியவர்கள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்டர்லூகின்-8 ஒரு மில்லிலிட்டருக்கு 220 பிகோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அந்தக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று 2008இல் கண்டார்கள். பிகோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடி கூறு போட்டதில் ஒரு கூறு! அதே கணக்கைப் பெரியவர்களிடம் போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை! வயதுதான் பெரிய பிரிவு. பச்சிளங்குழந்தையின் மரபணுக்கள் ஷாக்குக்குக் காட்டும் பதில் வேறு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பதில் வேறு.

இன்னொரு துணுக்கு: பிழைக்காத குழந்தைகளின் இரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருந்தது என்று 2007இலேயே அதே குழு கண்டது. துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதத்தின் மரபணு அவர்களிடம் அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. கடுகளவு உலோகம்!

இப்போது ஒரு சோதனைக் குழாயைக் கற்பனை செய்யுங்கள். குழந்தையின் இரத்தத்தில் ஒரு சொட்டு. அதோடு பாக்டீரியாவின் மேல்தோலிலிருந்து எடுத்த நச்சுப்பொருள் துளி. இளஞ்சூட்டில் நான்கு மணி நேரம். ஆரோக்கியமான வெள்ளையணு என்றால் அந்த நச்சைக் கண்டதும் கொதித்தெழுந்து, டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பொழியும். சில குழந்தைகளின் இரத்தமோ... எதிரியைக் கண்ட பிறகும் சும்மா இருக்கும்! அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமைக்கூடத் தாண்டாது. 'எதிர்ப்புச் சக்தி முடக்கம்' என்கிறார்கள். காய்ச்சல் அடிக்கிறது, மானிட்டர் அலறுகிறது, பார்ப்பதற்கு உடம்பு கொதிப்பது போலத்தான் இருக்கும். உள்ளே படை ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டது. ஒஹையோவில் மார்க் ஹால் குழுவினர் இப்படி முடங்கிய குழந்தைகளில் சிலருக்கு, எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு நாளுக்குள் இரத்தம் விழித்துக்கொண்டது, புதிய மருத்துவமனைத் தொற்றும் குறைந்தது. 2011இல் வந்த செய்தி இது. சிறிய சோதனைதான், ஆனால் என்ன ஒரு நம்பிக்கை!

இதற்கு நேர் எதிர்க் கோடியில் வேறு சிலர். எதிர்ப்புச் சக்தி வெறிகொண்டு, கல்லீரலையும் இரத்தம் உறையும் ஒழுங்கையும் சேர்த்தே சூறையாடும் வகை. 1990களில் அனகின்ரா என்ற மருந்தை செப்சிஸ் வந்த பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலனில்லை என்று மூட்டை கட்டிவிட்டார்கள். 2016இல் அந்தப் பழைய மூட்டையை ஒரு குழு அவிழ்த்தது. 763 பேரில் இந்த வெறிகொண்ட வகை 43 பேர் மட்டும். அவர்களில் போலி மருந்து பெற்றவர்கள் 35 சதவீதம் பிழைத்திருந்தார்கள், அனகின்ரா பெற்றவர்கள் 65 சதவீதம்! இருபது ஆண்டுகள் கோப்புக்குள் தூங்கிய உண்மை! கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினால் அந்த 43 பேர் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். பிட்ஸ்பர்க்கின் ஜோசப் கார்சில்லோ குழுவினர் 401 குழந்தைகளை வைத்து இதே போன்ற வகைகளைப் பிரித்தெடுத்ததும் இதற்காகத்தான்: முடங்கியவர்கள் யார், தட்டணுக்கள் சரிந்தவர்கள் யார், கல்லீரல் அடிவாங்கியவர்கள் யார் என்று.

சலைன் என்றால் யாருக்கும் பயமில்லை, இல்லையா? உப்புத் தண்ணீர்தானே! கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியாகி உலகையே உலுக்கியது. கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவுமாக வந்த குழந்தைகள் அவர்கள். பாதிக்கு மேல் மலேரியா. வேகமாக சலைன் ஏற்றிய பிரிவில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம். அப்படி வேகமாக ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதம்! நல்லது என்று உலகம் நம்பியது அங்கே உயிரைப் பறித்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் டாக்டர் இந்துமதி சந்தானம் குழுவினர் 147 குழந்தைகளிடம் வேறொரு கேள்வி கேட்டிருந்தார்கள்: கால் மணி நேரத்தில் மளமளவென்று ஏற்றுவதா, ஒரு மணி நேரத்தில் பார்த்துப் பார்த்து ஏற்றுவதா? உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை! வென்டிலேட்டர் வசதி இருக்கும் இடமா, மலேரியா இருக்கும் ஊரா, இரத்தசோகை உள்ள குழந்தையா என்பதையெல்லாம் பொறுத்து ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரின் குணமே மாறுகிறது.

செப்சிஸ் என்று எதைச் சொல்வது என்ற விதியே 2024 ஜனவரியில் மாறியது தெரியுமா? அமெரிக்கா, கொலம்பியா, வங்கதேசம், சீனா, கென்யா ஆகிய ஐந்து நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் மருத்துவமனை வருகைகளை அலசி 'ஃபீனிக்ஸ்' அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். நுரையீரல், இதயம்-இரத்த ஓட்டம், இரத்த உறைவு, மூளை என நான்குக்கு மட்டும் மதிப்பெண். அந்த அலசலில் செப்டிக் ஷாக் வந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் வசதியுள்ள இடங்களில் 10.8 சதவீதம், வசதி குறைந்த இடங்களில் 33.5 சதவீதம். ஒரே அளவுகோல், ஒரே மதிப்பெண், மூன்று மடங்கு மரணம். எத்தனை மரபணுவை அளந்தாலும் இந்தப் பிரிவை மறந்துவிட்டுப் பேசுவது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. புரதம் அளக்கும் கருவி வரும்போது வரட்டும். ஆக்சிஜனும், ஆன்டிபயாடிக்கும், கட்டைவிரலை அழுத்திப் பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸும் எல்லாத் தாலுகா மருத்துவமனையிலும் இன்றைக்கே வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டில் பட்ட சிராய்ப்பிலிருந்து செப்சிஸ் வந்து 2012இல் இறந்துபோனான். அவன் பெற்றோர் போராடி அடுத்த ஆண்டே மாநில விதியைக் கொண்டுவந்தார்கள். மூன்று வேலை: இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி, ஆன்டிபயாடிக், சலைன். 54 மருத்துவமனைகளில் 1179 குழந்தைகளைப் பார்த்தபோது, மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்த இடத்தில் மரண வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அப்படி முடித்தது நான்கில் ஒரு குழந்தைக்குத்தான்.

ஹெக்டர் வாங் 2022இல் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த இரத்த மாதிரிகளையும் கணக்குகளையும் வைத்து அவருடைய மாணவர்கள் தொடர்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் வீட்டுக்கு. மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் தாக்கிய 448 குழந்தைகளைப் பற்றிய பிரிட்டன் ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. கால் வலி, சில்லிட்ட கை கால், மாறிய தோல் நிறம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று 72 சதவீதம் பேருக்குச் சீக்கிரமே தெரிந்திருந்தது. சராசரியாக எட்டாவது மணி நேரத்தில்! மருத்துவமனையில் சேர்ந்ததோ பத்தொன்பதாவது மணி நேரத்தில். நடுவில் பதினோரு மணி நேரம்.

நம் வீட்டுப் பாட்டிகள் காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்ட கையோடு உள்ளங்காலையும் தொட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். நெற்றி கொதித்து, பாதம் சில்லிட்டு, தோல் வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ இருந்து, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், பல மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக "பாதம் சில்லென்று இருக்கிறது" என்று சொல்லுங்கள்.